பசுமைக் கட்டட ஆலோசகர் ஆகலாம்: டெல்டாப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் சிவிலோ ஆர்க்கிடெக்சரோ முடித்துவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு வழிதான் கண்ணுக்குத் தெரிகிறது. சென்னைக்கோ கோவைக்கோ பஸ் ஏற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளூர் கான்ட்ராக்டரிடம் சைட் பார்க்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் இழுக்கப்போகிறது, எங்கிருந்து வந்த பொருளால் எழும்புகிறது, உள்ளே இருப்பவருக்குக் காற்று கிடைக்கிறதா என்றெல்லாம் அளந்து, சான்று திரட்டி, பசுமைக் கட்டட மதிப்பீடு வாங்கித் தருகிற ஆலோசகர் வேலை.

டெல்டாவில் வளர்ந்தவருக்கு இதில் கூடுதல் பலம் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். மதிப்பீட்டுக் கையேடு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அதிலுள்ள புள்ளிகளில் எது இந்த மண்ணுக்கு உதவும், எது எண்ணிக்கையை ஏற்றுவதற்கு மட்டும் என்று பிரித்துச் சொல்ல, வாய்க்காலையும் ஐப்பசி மழையையும் தெரிந்த ஆள் வேண்டும்.

எந்த மதிப்பீடு, யாருக்கு?

பிரிட்டனில் 1990-இல் வந்த பிரீயம்தான் இந்த வகையில் மூத்தது. அமெரிக்காவின் லீட் 2000-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தொழில் கூட்டமைப்பான சி.ஐ.ஐ., 2001-இல் இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தைத் தொடங்கியது. துறையில் எல்லோரும் அதை ஐ.ஜி.பி.சி. என்றுதான் சொல்வார்கள். அது இயங்குகிற ஐதராபாத் சொராப்ஜி கோத்ரெஜ் மையம் 2003-இல் லீட் பிளாட்டினம் வாங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தரத்தை எட்டிய முதல் கட்டடம் அது. 2004-இல் அதைத் திறந்துவைத்தவர் அப்துல் கலாம். டெரி நிறுவனமும் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து உருவாக்கிய கிரிஹா, 2007-இல் தேசிய மதிப்பீட்டு முறையாக ஏற்கப்பட்டது.

வரலாறு இவ்வளவு போதும். வருகிற வாடிக்கையாளரிடம் எதைச் சொல்வது என்பதுதான் உங்கள் வேலை. வெளிநாட்டு கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுகிற அலுவலகம், பெரிய ஹோட்டல் என்றால் லீட் கேட்பார்கள். மொத்தம் 110 புள்ளி. 40 எடுத்தால் சான்று, 50-க்கு வெள்ளி, 60-க்குத் தங்கம், 80-க்குப் பிளாட்டினம். மத்திய அரசுக் கட்டடமென்றால் கிரிஹா. அங்கே குறைந்தது 3 நட்சத்திரம் எதிர்பார்க்கப்படும். 25 புள்ளியில் முதல் நட்சத்திரம் தொடங்கி, 86-ஐத் தொட்டால் 5 நட்சத்திரம். கிரிஹா 2,500 சதுர மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கானது. சிறிய கட்டடங்களுக்கு ஸ்வகிரிஹா இருக்கிறது. வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு வைத்திருப்பது ஐ.ஜி.பி.சி. உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. நடத்துகிற எட்ஜ், மூன்றே மூன்று கணக்குதான் கேட்கும்: மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருளுக்குள் அடங்கிய ஆற்றல். மூன்றிலும் 20 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும்.

சென்னை கிண்டியில் 2012-இல் திறந்த ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஹோட்டல், லீட் பிளாட்டினம், கிரிஹா 5 நட்சத்திரம் இரண்டையும் வாங்கியது. சோழர் பெயரில் அது சென்னையில் நிற்கிறது. சோழநாட்டில் உங்களைத் தேடி வரப்போவது அந்த அளவுக் கட்டடம் அல்ல. கல்லூரி விடுதி, தனியார் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், அரிசி ஆலையின் அலுவலகம், சிங்கப்பூரில் இருப்பவர் ஊரில் கட்டுகிற வீடு என்றுதான் வரும். ஆகவே ஐ.ஜி.பி.சி.யின் வீட்டுப் பிரிவையும் எட்ஜையும் முதலில் படியுங்கள். லீட் பிறகு தானே வரும்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

வரைபடத்தை விரிப்பதற்கு முன் அ-பதிவேட்டை எடுங்கள். புல எண்ணுக்கு நேரே நஞ்சை என்றிருக்கிறதா, புஞ்சையா, நத்தமா? எஃப்.எம்.பி. என்ற புல அளவை வரைபடத்தில் மனையை ஒட்டியோ குறுக்கேயோ வாய்க்கால் போகிறதா? பாசன வாய்க்கால் பச்சையாகத் தெரியும், எல்லோரும் பார்ப்பார்கள். வடிகால்தான் கண்ணில் படாது. கோடையில் வெறும் பள்ளமாகக் கிடக்கும் வடிகாலை மண்ணடித்து மூடிவிட்டு வீடு கட்டினால், கார்த்திகையில் அந்த வீடும் முழுகும், மேலே உள்ள வயலும் முழுகும்.

இந்த இடத்தில் மதிப்பீட்டுக் கையேடுகளை நான் முழுமையாக நம்புவதில்லை. லீட்டின் நான்காம் பதிப்பில், புதுக் கட்டடப் பிரிவில், நல்ல விளைநிலத்தையும் வெள்ளம் பாயும் தாழ்நிலத்தையும் தவிர்ப்பதற்குக் கிடைப்பது 1 புள்ளி. 110-இல் ஒன்று. அதாவது முப்போகம் விளைந்த வயலை மூடிக் கட்டினாலும், மற்ற இடங்களில் புள்ளி சேர்த்துப் பிளாட்டினம் வாங்கிவிட முடியும். கணக்குப்படி சரி. காவிரிப் பாசனத்தில் அதைச் சரி என்று சொல்ல எனக்கு மனம் வராது. சைக்கிள் ஸ்டாண்டுக்கும் 1 புள்ளி, நஞ்சையைக் காப்பாற்றுவதற்கும் 1 புள்ளி என்ற தராசு எங்கோ வரையப்பட்டது. இங்கே அந்த எடையைத் திருத்திச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் உள்ளிட்ட பகுதிகளில் எண்ணெய், எரிவாயு எடுப்பு போன்ற குறிப்பிட்ட புதிய தொழில்களைத்தான் தடுக்கிறது. வீட்டுமனைப் பிரிவுகளை அது நிறுத்தாது. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற 2017 விதிகளின்படி தனி அனுமதி வேண்டும். அந்தக் காகிதம் இல்லாத மனைக்கு மதிப்பீட்டு வேலையே தொடங்காதீர்கள்.

உரிமையாளர் இப்படித்தான் ஆரம்பிப்பார்: “தம்பி, இடம் வாங்கிக் கல்லும் நட்டாச்சு. இப்ப வந்து நஞ்சைங்கிறீங்களே?” அப்போது விவாதம் வேண்டாம். “ஐயா, வாங்கினது வாங்கினதுதான். மனையில பாதியத் தொடாம விடுவோம். மேல இருக்கிற முக்கால் அடி வண்டலை வழிச்சுத் தனியாக் குவிச்சு வைப்போம். வடிகால் போற போக்குல கட்டடத்தைத் திருப்பிப் போடுவோம்.” மேல்மண்ணைக் காப்பதும் மனையில் திறந்த வெளி விடுவதும் மதிப்பீட்டில் புள்ளி தருகிற காரியங்கள். இன்னும் இடமே வாங்காதவர் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்: நத்தத்திலோ, ஊருக்குள் இடிந்து கிடக்கிற பழைய வீட்டு மனையிலோ, வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்து மேட்டுச் செம்மண்ணிலோ பாருங்கள் என்று.

ஜன்னலும் கூரையும்

நாம் இருப்பது வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த மண்டலம். இங்கே உடம்புக்கு இதம் தருவது நகரும் காற்று. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. 2018-இல் கொண்டுவந்த வீடுகளுக்கான விதி, ஈகோ நிவாஸ் சம்ஹிதா. எந்த மதிப்பீட்டுக்குப் போனாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நம் மண்டலத்தில் திறக்கக்கூடிய ஜன்னல், வாசல் பரப்பு, வீட்டின் உள்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. ஆறில் ஒரு பங்கு.

வீடு மொத்தத்துக்கும் பார்க்கிற கணக்கு இது; புரிவதற்காக ஓர் அறையை எடுப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, 120 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு 20 சதுர அடி. இப்போது புதுவீடுகளில் நாலுக்கு நாலு ஸ்லைடிங் ஜன்னல் ஒன்று வைக்கிறார்கள். பார்க்க 16 சதுர அடி. ஆனால் ஒரு கதவைத் தள்ளினால் அது அடுத்த கதவின் மேல்தான் போய் நிற்கும்; திறப்பது 8 சதுர அடி. கொசுவலைக்கு மூன்றாவது தடம் போட்டாலும் அதே கதைதான். அதே அளவில் இரண்டு ஜன்னல், எதிரெதிர்ச் சுவரில், பழையபடி கீல் வைத்துத் திறக்கிற கதவோடு போட்டால் 32 சதுர அடி. ஏ.சி.க்குச் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். உரிமையாளர் முன்னால் டேப்பை நீட்டி அளந்து காட்டுங்கள். வார்த்தையால் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அடுத்தது சுவர். வெளிச்சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடுகிற வெப்பத்துக்கு அதே விதி ஒரு வரம்பு வைக்கிறது: சதுர மீட்டருக்கு 15 வாட். மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி வைத்தால் இந்த வரம்பைத் தாண்டிவிடும். நாட்டுச் செங்கல் ஒன்பது அங்குலச் சுவர், கிழக்கு மேற்கில் ஜன்னலைக் குறைத்து, நல்ல சன்ஷேடும் கொடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம், பி.இ.இ. இதற்கென்றே இலவசக் கணக்குக் கருவி தருகிறது, போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கூரைதான் நம் ஊர் வீட்டின் நோய். வெறும் கான்கிரீட் தளம் சித்திரை வெயிலைப் பகலெல்லாம் குடித்துவிட்டு ராத்திரி கட்டிலுக்கு மேல் இறக்குகிறது. விதி கேட்பது, கூரையின் வெப்பக் கடத்தல் எண் 1.2-ஐத் தாண்டக் கூடாது என்று. வெறும் தளத்துக்கு அது மூன்றுக்கு மேல் போகும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் தட்டோடு பதிக்கிற பழைய முறை வெப்பத்தை ஓரளவு குறைக்கும். மேலே வெள்ளைக் கூல் டைல்ஸ் பதித்தால் இன்னும் குறையும். வரம்புக்குள் வர, தளத்துக்கு மேல் காப்புப் பலகை ஒரு வரிசை வேண்டும். டைல்ஸ் வாங்கும்போது வெயிலைத் திருப்பியடிக்கும் அளவுக்குச் சோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் கூல் டைல்ஸ் இல்லை.

தெருக்களில் நடந்து பாருங்கள். முற்றம் வைத்த பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. மழைக்குப் பயந்து அந்த முற்றத்தை பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிட்டார்கள். சூடான காற்று மேலே போய் வெளியேறுகிற வழி அந்த முற்றம்தான். முழுதாக மூடாமல், ஷீட்டை ஓட்டுக்கு மேலே ஒன்றரை அடி தூக்கி நிறுத்தி நாலு பக்கமும் கம்பிவலை விட்டால் மழையும் வராது, காற்றும் போகும். பழைய வீட்டைச் சீரமைத்து மதிப்பீடு வாங்குவது டெல்டாவில் நன்றாக வளரக்கூடிய வேலை என்று நினைக்கிறேன். இருக்கிற சுவரை இடிக்காமல் விடுவதற்கே புள்ளி உண்டு.

பொருள் எங்கிருந்து வருகிறது

ஐ.ஜி.பி.சி. 400 கிலோமீட்டருக்குள் தயாரான பொருளை உள்ளூர்ப் பொருளாகக் கணக்கில் எடுக்கிறது, பொருளின் விலை அடிப்படையில். இது நமக்குச் சுலபம். கொள்ளிடம் தாண்டினால் அரியலூர் சிமென்ட் ஆலைகள். புதுக்கோட்டைப் பக்கம் ஜல்லியும் எம்.சாண்டும், செங்கல் சூளை ஊருக்கு ஊர். தஞ்சையில் கருங்கல்லே கிடையாது, பெரிய கோயிலுக்கே வெளியிலிருந்துதான் கல் வந்தது. அதுவும் இந்த 400 கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிவிடும். கணக்கைக் கெடுப்பது குஜராத் மோர்பி டைல்ஸும் ராஜஸ்தான் மார்பிளும்தான். தரைக்கு என்ன போடப்போகிறார்கள் என்பதை முதல் மாதமே கேட்டுவிடுங்கள்.

உமிச் சாம்பலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அரிசி ஆலை பாய்லர்களில் உமி எரிந்து மலையாகக் குவிகிறது. சிமென்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக உமிச் சாம்பலைச் சேர்க்க ஐ.எஸ். 456 இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்குக் கட்டுப்பட்ட வெப்பத்தில் எரித்து நன்றாக அரைத்த சாம்பல் வேண்டும். ஆலை பாய்லரில் கண்டபடி எரிந்த கருஞ்சாம்பலில் எரியாத கரி நிறைய. கலவை அதிகத் தண்ணீர் கேட்கும், பலம் போகும். சோதனைக் கூட அறிக்கை இல்லாமல் தூணிலும் பீமிலும் கை வைக்காதீர்கள்.

தண்ணீர்

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எனவே மதிப்பீடு கேட்பதில் ஒரு பகுதி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஆற்றுப்படுகையை ஒட்டிய ஊர்களில் கார்த்திகையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அப்போது உறிஞ்சுகுழி எதையும் உறிஞ்சாது. அங்கே தொட்டி கட்டிச் சேமிப்பதுதான் பலன் தரும். ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை, 1,000 சதுர அடி மாடி. 93,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 74,000 லிட்டர். அந்த எண்ணைச் சொன்னால் எந்த உரிமையாளரும் காது கொடுப்பார். சேவப்ப நாயக்கன் ஏரியில் மழைநீரைத் தேக்கி, சிவகங்கைக் குளம் வழியாகக் கிணறுகளுக்குக் கொண்டுபோன நகரம் தஞ்சாவூர். இங்கே இதற்குப் புதிதாகப் பிரசாரம் தேவையில்லை.

அதே மாடியில் சோலார் போடுகிறவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போடுகிற வீட்டுக்கு ரூ.78,000 வரை மானியம் கிடைக்கிறது, நல்லது. ஆனால் பேட்டரி இல்லாத சோலார், லைனில் கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி மக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தார்கள். பேனல் இருந்தால் அப்படி நடக்காது என்று நம்பிப் பணம் போடுகிறவர் ஏமாறக் கூடாது. தாங்கு சட்டம் புயல் காற்றுக்குக் கணக்குப் போட்டு வெல்டிங் செய்ததா என்றும் பாருங்கள்.

கோப்புதான் வேலை

இந்த வேலையில் பெரும் பகுதி சைட்டில் நடக்கிற காகித வேலை. சிமென்ட் வந்து இறங்குகிறது. மூட்டையின் மேல் பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமென்ட்) என்றும் அதில் சாம்பல் எத்தனை சதவீதம் என்றும் அச்சிட்டிருக்கும். விதிப்படி அச்சிட்டே ஆக வேண்டும். அந்த எழுத்து தெரிகிற மாதிரி போட்டோ, கூடவே டெலிவரி சலான், எடைமேடை ரசீது. மூன்றும் சேர்ந்தால்தான் மறுசுழற்சிப் பொருளுக்கான புள்ளி. மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டு, சாக்கைப் பழைய பேப்பர்காரரிடம் போட்ட பிறகு இதைத் திரும்பச் செய்ய முடியாது. பெயின்ட் டப்பா, குழாய், ஃபிளஷ் டேங்க் எல்லாவற்றுக்கும் இதே நடைமுறை.

ஆகவே மேஸ்திரியைச் சிநேகம் பிடியுங்கள். “மேஸ்திரி அண்ணே, சாக்கைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க” என்று சொன்னால் செய்வார். ஏன் என்று காரணமும் சொல்லிவிட்டால் மறக்காமல் செய்வார். ஆங்கிலத்தில் செக்லிஸ்ட் அச்சடித்து ஷெட்டில் ஒட்டிவிட்டு வருகிற ஆலோசகரின் கோப்பு கடைசியில் ஓட்டையாகத்தான் இருக்கும்.

என்ன தேர்வு எழுதுவது?

லீட் கிரீன் அசோசியேட் தேர்வுக்கு முன்அனுபவம் தேவையில்லை. 2 மணி நேரம், 100 கேள்வி, 200-க்கு 170 எடுத்தால் தேர்ச்சி. அதன் பிறகு லீட் ஏ.பி. எனும் நிபுணர் தேர்வு. இரண்டையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொடர்கல்வி மணிநேரம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கிரீன் அசோசியேட்டுக்கு 15, ஏ.பி.க்கு 30. கட்டணம் டாலரில் என்பதால், உள்ளூரில் வேலை செய்யப்போகிறவர் ஐ.ஜி.பி.சி. ஏ.பி. தேர்விலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். கிரிஹாவுக்கும் தனித் தேர்வு உண்டு. படிக்கிறபோதே உங்கள் கல்லூரியில் ஐ.ஜி.பி.சி. மாணவர் கிளை இருந்தால் சேருங்கள். சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு பி.இ.இ.யின் எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வு எழுதுங்கள். கட்டடம் தாண்டி அரிசி ஆலை, ஐஸ் பிளான்ட் எல்லாம் அப்போது உங்கள் வாடிக்கையாளர் ஆகும்.

சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போகாதீர்கள். உங்கள் சித்தப்பா வீட்டை எடுங்கள். அளவெடுங்கள், ஒரு வருட ஈ.பி. பில் ஆறையும் வாங்குங்கள், எட்ஜின் இலவசச் செயலியில் போடுங்கள். 20 சதவீதம் மிச்சத்துக்கு எது எது மாற வேண்டும் என்று நாலு பக்கம் எழுதுங்கள். எனர்ஜிபிளஸ், இ-குவெஸ்ட் இரண்டும் இலவசம். ஒன்றையாவது கையில் பழக்கிக்கொள்ளுங்கள். ஆலோசனை நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது பார்ப்பது இதைத்தான். முதல் இரண்டு வருடம் சம்பளம் சைட் இன்ஜினியரைவிடப் பெரிதாக இருக்காது. ஒரு கட்டடத்தின் கோப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நீங்களே நடத்திய பிறகு நிலைமை மாறும்.

தனியாகத் தொழில் தொடங்கும்போது

ஒப்பந்தத்தில் “தங்கம் வாங்கித் தருகிறேன்” என்று எழுதிக் கொடுக்காதீர்கள். முடிவெடுப்பது மதிப்பீட்டு அமைப்பு. பதிவுக் கட்டணத்தை உரிமையாளர் நேராக அமைப்புக்குக் கட்டட்டும்; உங்கள் கணக்கில் வாங்கிச் செலுத்த வேண்டாம். உங்கள் கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள்: வரைபடம் முடிந்ததும் ஒன்று, தளம் போட்டதும் ஒன்று, கோப்பு சமர்ப்பித்ததும் ஒன்று. பெயின்ட் அடிக்கிற நேரத்தில் கூப்பிட்டு மதிப்பீடு கேட்கிறவர்கள் வருவார்கள். மண் தோண்டுவதற்கு முன் எடுக்க வேண்டிய சான்றுகளை அப்போது உருவாக்கவே முடியாது. பொய்க் கோப்பு போட்டுத் தரவும் கூடாது. குடியேறிய பிறகு மின்சாரத்தையும் தண்ணீரையும் குறைக்க வழி சொல்லி, அதற்கு மட்டும் கட்டணம் வாங்குங்கள்.

இன்னொரு வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். குடியேறி ஓராண்டு ஆனதும் வந்து ஈ.பி. பில்லையும் தண்ணீர் மீட்டரையும் பார்த்து, காகிதத்தில் சொன்ன மிச்சம் உண்மையில் கிடைத்ததா என்று அறிக்கை தருவேன் என்பது அது. அந்த வருகைக்கான கட்டணத்தையும் முதல் நாளே பேசி எழுதிவிடுங்கள்.